ஒண்டு குடுத்தால் ரெண்டு எண்டு சொல்லுது: கிளாஸும் கொன்ஸ்ட்ரக்டரும் வந்த வழி

போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு மேல் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியது எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுத் தங்கச்சி. உயர்தரத்தில் ஐசிரி எடுத்து இப்போது கம்பஸில் முதல் வருடம் படிக்கிறாள். படத்தில் அவளுடைய பைதன் செய்நிரல். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "அக்கா, நான் ஒண்டுதானே குடுத்தனான். இது ரெண்டு குடுத்தது எண்டு சொல்லுது. எனக்கு இது சரிவராது போல. துறை மாறப்போறன்."

பிழையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். ‘செல்ஃப்’ என்ற ஒரு சொல்லை எழுத மறந்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் "துறை மாறப்போறன்" என்பதைத் திருத்த ஒரு நிமிடம் போதாது. லாபில் யாரோ "இதுகூட விளங்கேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் அவள் இரவு பதினொரு மணிவரை காவிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அவளுக்கு அன்றைக்கு இரவு சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கிளாஸ் எழுதத் தொடங்குகிற எல்லோரும் ஒரே நாலைந்து பிழைகளைத்தான் திரும்பத் திரும்ப விடுகிறோம். அதற்குக் காரணம் எங்கள் மண்டை இல்லை. அறுபது வருடங்களாக வேறு வேறு ஆட்கள், வேறு வேறு தேவைக்காக எடுத்த முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தாத மூட்டுகளில்தான் நாங்கள் தடக்குப்பட்டு விழுகிறோம்.

ஒஸ்லோவில் ஒரு வரிசை

நோர்வே என்றால் எங்கள் வீடுகளில் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று அங்கே இருக்கிற சொந்தக்காரர். மற்றது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கை. செய்நிரலாக்கத்தில் வருகிற கிளாஸும் அங்கேதான் பிறந்தது என்பது கனபேருக்குத் தெரியாது.

கிறிஸ்டன் நிகோர்ட் என்பவர் 1948இல் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, 1960இல் ஒஸ்லோவில் இருந்த நோர்வே கணினி நிலையத்துக்கு மாறியவர். ஒரு தொழிற்சாலையில் எத்தனை இயந்திரம் தேவை, எந்த இடத்தில் வேலை தேங்கும், வரிசை எங்கே நீளும் போன்ற கேள்விகள்தான் அவருடைய வேலை. கணக்கெழுதித் தீர்க்க முடியாத இடங்களில், நிஜத்தில் நடப்பதைப் போல ஒன்றைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதைத்தான் சிமுலேஷன் என்கிறோம்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் வருகிறார். ஒருவரிடம் இரண்டு பை, ஒருவர் அரைவாசியில் வெறுத்துப்போய் ஓட்டோ பிடிக்கிறார். ஒவ்வொரு ஆளுக்கும் சொந்த விபரமும் வேண்டும், சொந்த நடத்தையும் வேண்டும். மற்றவர் தன் வேலையைச் செய்யும்போது இவர் அழிந்துபோகாமல் நிற்கவும் வேண்டும்.

அந்தக் காலத்து ஐரோப்பாவின் முக்கிய மொழி அல்கோல் 60. அதில் ஒரு பிளொக்குக்குள் போனால் மாறிகள் உருவாகும், வெளியே வந்தால் அழிந்துவிடும். வரிசையில் நிற்கிற ஆளை அதற்குள் வைக்க முடியாது. நிகோர்ட்டும் அவருடன் வேலைசெய்த ஒலே-யொஹான் டாலும் இதைத்தான் தீர்க்கப் பார்த்தார்கள். யூனிவாக் 1107 என்ற கணினியில் 1965 அளவில் முதலாவது சிமுலா ஓடியது. இரண்டாவது பதிப்பை, இன்று சிமுலா 67 என்று சொல்கிற மொழியை, 1967 மே மாதம் ஒஸ்லோவின் லிசெபுவில் நடந்த மாநாட்டில் உலகத்துக்குக் காட்டினார்கள். ‘கிளாஸ்’ என்ற சொல் அதில்தான் இன்றைய பொருளோடு வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால், 1965இல் பிரித்தானியரான ரொனி ஹோர் முன்வைத்த ‘ரெக்கோர்ட் கிளாஸ்’ என்ற யோசனை இருந்தது.

சிமுலாவின் கிளாஸ் உண்மையில் என்ன? வேலை முடிந்த பிறகும் அழியாமல் இருக்கிற ஒரு பிளொக். அவ்வளவுதான். ‘நியூ’ என்று சொன்னதும் அந்த பிளொக்கில் ஒரு பிரதி உருவாகும். உள்ளே எழுதிய வரிகள் ஓடும். பிறகு அந்தப் பிரதி தன் மாறிகளோடு அப்படியே இருக்கும்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சிமுலாவில் கொன்ஸ்ட்ரக்டர் என்று தனியாக ஒன்றும் இல்லை. கிளாஸின் உடம்பே கொன்ஸ்ட்ரக்டர். இரண்டு, கிளாஸுக்குக் கொடுக்கிற பெறுமதிகள் தாமாகவே அந்த ஒப்ஜெக்ட்டின் சொத்தாகிவிடும். ‘மாணவர்’ என்ற கிளாஸுக்குப் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் மாணவருடையது. திருப்பி எடுத்து எங்கேயும் வைக்கத் தேவையில்லை.

இன்றைக்கு நாங்கள் விடுகிற பிழைகளில் பாதி, அந்த மொழியில் விடவே முடியாதவை.

குப்பையும் காவலும்

அடுத்த திருப்பம் டென்மார்க்காரரான பியார்ன ஸ்ட்ரோஸ்ட்ரூப்புடன் வருகிறது. 1970களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தபோது தன் ஆய்வுக்கான சிமுலேஷனைச் சிமுலாவில் எழுதினார். எழுதச் சுகமாக இருந்தது. ஆனால் ஓடும்போது தாங்க முடியாத மெதுவு. கடைசியில் பிசிபிஎல் என்ற மிகக் கீழ்மட்ட மொழியில் முழுதையும் திருப்பி எழுத வேண்டி வந்தது. 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்துக்குப் போனதும், சிமுலாவின் கிளாஸை வேகமான சி மொழிக்குள் கொண்டுவரத் தொடங்கினார். முதலில் அதற்குப் பெயர் ‘கிளாஸ்களுடன் சி’. 1983இல்தான் சி பிளஸ் பிளஸ் என்றானது.

சி மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு மாறிக்கு இடம் ஒதுக்கினால், பெரும்பாலும் அந்த இடத்தில் முன்னர் கிடந்த குப்பை அப்படியே கிடக்கும். நீங்கள் பெறுமதி போட மறந்தால் மொழி ஒன்றும் சொல்லாது. அந்தக் குப்பையை வைத்தே கணக்குப் பார்க்கும். ஆகவே ஸ்ட்ரோஸ்ட்ரூப்புக்கு ஒரு காவல் தேவைப்பட்டது. ஒப்ஜெக்ட்டை யாரும் தொடுவதற்கு முன்னம் கட்டாயம் ஓடி, உள்ளே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிற ஒரு ஃபங்ஷன். தொடக்கத்தில் அதற்கு ‘நியூ’ என்றே பெயர் வைத்திருந்தார். பிறகு கிளாஸின் பெயரையே அதற்கும் வைத்தார். இதைத்தான் நாங்கள் கொன்ஸ்ட்ரக்டர் என்று படிக்கிறோம்.

இந்தப் பெயர் எங்களைக் குழப்புகிறது. கொன்ஸ்ட்ரக்டர் என்றால் கட்டுகிறவர் என்று அர்த்தம் வரும், உடனே மேசன் ஞாபகம் வருவார். உண்மையில் வீட்டைக் கட்டுவது ‘நியூ’. கொன்ஸ்ட்ரக்டர், வீடு குடிபூரலுக்கு முதல்நாள் வந்து லைட் எரியுதா, பைப்பில் தண்ணி வருதா, கதவு பூட்டுப்படுதா என்று பார்த்துச் சரிசெய்கிற ஆள். அவர் வரும்போது வீடு ஏற்கனவே நிற்கிறது. இது இரண்டு வேலை என்பது விளங்கினால் மிச்சப் பிழைகள் எல்லாம் விளங்கும்.

ஜாவாவின் இரண்டு பொறிகள்

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டது. ஜேம்ஸ் கொஸ்லிங்கும் அவருடைய குழுவும் சி பிளஸ் பிளஸ் தெரிந்தவர்கள் இலகுவாக மாற வேண்டும் என்று அதே எழுத்து முறையை எடுத்தார்கள். கிளாஸின் பெயரே கொன்ஸ்ட்ரக்டரின் பெயர். அதற்கு முன்னால் வொய்ட் போன்ற எந்த வகையும் எழுதக் கூடாது.

இதுதான் முதல் பொறி. ஜாவாவில் மற்ற எல்லா மெதட்டுக்கும் முன்னால் வொய்ட் என்றோ வேறு வகையோ எழுதிப் பழகின கை, கொன்ஸ்ட்ரக்டருக்கும் வொய்ட் போட்டுவிடும். சி பிளஸ் பிளஸ் என்றால் உடனே மறிக்கும். ஜாவா மறிக்காது. "சரி, கிளாஸின் பெயரிலேயே ஒரு சாதாரண மெதட் வைத்திருக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளும். கொன்ஸ்ட்ரக்டர் இல்லை என்று கண்டு, தானே ஒரு வெறும் கொன்ஸ்ட்ரக்டரையும் போட்டுவிடும். நீங்கள் உள்ளே புள்ளிகள் போட ஒரு பட்டியல் உருவாக்கியிருப்பீர்கள். அந்த வரி ஓடவே ஓடாது. பிறகு முதல் புள்ளியைச் சேர்க்கப் போகும்போது செய்நிரல் விழும். திருத்தம்: வொய்ட்டை அழிப்பது, அவ்வளவுதான்.

இரண்டாவது பொறி, கொன்ஸ்ட்ரக்டருக்குள் ‘பெயர் = பெயர்’ என்று எழுதுவது. பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் இரண்டு ‘பெயரும்’ வெளியிலிருந்து வந்த அந்தத் தற்காலிகப் பெயர்தான். ஒப்ஜெக்ட்டின் பெயர் தொடப்படவே இல்லை. வந்த கடிதத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, பெட்டியில் போட்டாச்சு என்று சொல்வது மாதிரி. ‘திஸ்.பெயர் = பெயர்’ என்று எழுத வேண்டும். திஸ் என்றால் "இந்த ஒப்ஜெக்ட்டினுடைய" என்று அர்த்தம்.

இரண்டு பொறியிலும் விழுந்தபின் திரையில் வருவது ஒரே சொல்: ‘நல்’. ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மேலே சொன்ன அதே ரொனி ஹோர், அதே 1965 அளவில், அல்கோல் டபிள்யூ என்ற மொழிக்காக இதைச் சேர்த்தார். சேர்ப்பது மிக இலகுவாக இருந்ததுதான் காரணம். 2009இல் லண்டனில் பேசும்போது, இது தன்னுடைய நூறு கோடி டொலர் பிழை என்று அவரே சொன்னார். கணினி விஞ்ஞானத்தின் மிகப் பெரிய விருதான ரியூரிங் விருது பெற்ற மனிதர் அவர். எங்கள் திரையில் அந்தச் சொல் வரும்போது, அந்தப் பிழையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஜாவாவை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. சி மொழியின் குப்பைக்குப் பதிலாக, பெறுமதி போடாத ஒப்ஜெக்ட் மாறிகளுக்குச் சைபரோ நல்லோ அதுவே போட்டுவிடும். குப்பை பொய் சொல்லும். நல், இங்கே ஒன்றும் இல்லை என்ற உண்மையையாவது சொல்லும்.

தங்கச்சியின் செல்ஃப்

இனி அவளுடைய பிழைக்கு வருவோம்.

குய்டோ வான் ரொசம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் பைதனைத் தொடங்கி, 1991இல் முதன்முதலாக வெளியிட்டார். பைதனில் மாறிகளை முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. அப்படியென்றால் ஒரு மெதட்டுக்குள் ‘பெயர் = ஏதோ’ என்று எழுதினால், அது தற்காலிக மாறியா, ஒப்ஜெக்ட்டின் சொத்தா என்று மொழிக்கு எப்படித் தெரியும்? அவர் மொடியுலா 3 என்ற மொழியிலிருந்து ஒரு வழியை எடுத்தார். எந்த ஒப்ஜெக்ட்டைப் பற்றிக் கதைக்கிறோம் என்பதை மறைக்காமல், மெதட்டின் முதல் பெறுமதியாகவே வெளியே எழுதுவது. அந்த முதல் பெறுமதிக்கு வழக்கமாக வைக்கிற பெயர்தான் செல்ஃப்.

அதாவது நீங்கள் ‘மாணவர்("கவி")’ என்று ஒன்றைக் கொடுக்கும்போது, பைதன் புதிதாக உருவான ஒப்ஜெக்ட்டையும் தானாக முன்னால் சேர்த்து இரண்டாக அனுப்புகிறது. வாங்குகிற பக்கத்தில் செல்ஃபை எழுத மறந்தால், அங்கே ஒரு இடம்தான் இருக்கும். "ஒன்றுதான் வாங்குவேன், இரண்டு தந்திருக்கிறாய்" என்று செய்தி வரும். தங்கச்சி பொய் சொல்லவில்லை. பைதனும் பொய் சொல்லவில்லை. கொடுத்தது இரண்டு பேர், அவளுக்குத் தெரிந்தது ஒருவரை மட்டும்.

பைதனில் இதைவிடக் கள்ளமான பிழை ஒன்றும் உண்டு. அதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவுக்கு ஒருக்காப் போய்வர வேண்டும். 1966இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த அலன் கேயிடம், அல்கோல் என்று சொல்லி ஒரு மொழியை ஓடவைக்கக் கொடுத்தார்கள். பார்த்தால் அது சிமுலா. செய்நிரலை அச்சடித்த தாளை நடைபாதைத் தரையில் நீளத்துக்கு விரித்து வைத்துத்தான் வாசித்து விளங்கினார்கள். அந்த யோசனை 1970களில் ஜெரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வு நிலையத்தில், டான் இங்கல்ஸ், அடெல் கோல்ட்பேர்க் ஆகியோரும் சேர்ந்து வளர்த்த ஸ்மோல்ரோக் மொழியானது. அதில் எல்லாமே ஒப்ஜெக்ட். கிளாஸும்கூட ஒரு ஒப்ஜெக்ட்.

பைதனிலும் அப்படித்தான். கிளாஸ் என்பது தன் சொந்தச் சொத்தோடு இருக்கிற ஒரு ஒப்ஜெக்ட். அதன் உடம்பில் நேரடியாக எழுதுகிற வரிகள், கிளாஸ் உருவாகும்போது ஒரே ஒரு தடவைதான் ஓடும். ஆகவே ‘புள்ளிகள்’ என்ற வெறும் பட்டியலை அங்கே எழுதினால், எல்லா மாணவருக்கும் அந்த ஒரே பட்டியல்தான். கவிக்கு 75 போட்டால், ரமணனின் பட்டியலிலும் 75 நிற்கும்! சிமுலாவில் உடம்பில் எழுதியது ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டுக்கும் ஓடியது. ஜாவாவிலும் சாதாரணமாக அங்கே எழுதுகிற பெறுமதி ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டுக்கும் தனியாக வரும். ஜாவா படித்துவிட்டுப் பைதனுக்கு வருகிறவர்கள் இதில் விழுவது அதனால்தான். திருத்தம்: பட்டியலை இனிட்டுக்குள் கொண்டுபோய் ‘செல்ஃப்.புள்ளிகள்’ என்று உருவாக்குவது.

மறந்துபோன நியூ

ஜாவாஸ்கிரிப்ட்டின் கதை இன்னும் பகிடி. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாளில் செய்தார். உள்ளே கிளாஸே இல்லை. ஆனால் ஜாவா மாதிரித் தோற்றம் வேண்டும் என்று மேலிடத்தின் விருப்பம். ஆகவே சாதாரண ஃபங்ஷன் ஒன்றுக்கு முன்னால் ‘நியூ’ போட்டால் அது கொன்ஸ்ட்ரக்டர், போடாவிட்டால் வெறும் ஃபங்ஷன் என்றானது. நியூவை மறந்தால் பிழைச் செய்தி ஒன்றும் வராது. நீங்கள் வைக்கச் சொன்ன பெயர், புது ஒப்ஜெக்ட்டில் இல்லாமல், எல்லோருக்கும் பொதுவான வெளியில் போய் விழும். ஒரு வீட்டுக்கு வந்த சாமானைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போன மாதிரி. 2015இல் கிளாஸ் என்ற சொல்லை அந்த மொழிக்குள் சேர்த்தபோதுதான் இதை அடைத்தார்கள். கிளாஸை நியூ இல்லாமல் கூப்பிட்டால் இப்போது உடனே பிழை காட்டும்.

பிஎச்பியும் ஒரு பாடம் படித்தது. பழைய பிஎச்பியில் கிளாஸின் பெயரே கொன்ஸ்ட்ரக்டரின் பெயர். கிளாஸின் பெயரை மாற்றிவிட்டு உள்ளே மாற்ற மறந்தால், கொன்ஸ்ட்ரக்டர் சத்தமில்லாமல் சாதாரண மெதட்டாகிவிடும். 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் பொதுவான ஒரு பெயரைத் தந்தது. 2020இல் வந்த எட்டாம் பதிப்பில் பழைய வழி முழுதாகப் போய்விட்டது.

சுற்றிவந்த வட்டம்

பைதன் 2018இல் டேட்டாகிளாஸ் என்பதைச் சேர்த்தது. ஒரு மாணவருக்குப் பெயர் உண்டு, வயது உண்டு என்று சொன்னால் போதும், இனிட்டை அதுவே எழுதிக்கொள்ளும். பொதுப் பட்டியல் பிழையைச் செய்யப் போனால், விடமாட்டேன் என்று மறிக்கவும் செய்யும். ஜாவா 2021இல் ரெக்கோர்டை முழுமையாகச் சேர்த்தது. அதிலும் கிளாஸின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எழுதியதெல்லாம் தானாகவே ஒப்ஜெக்ட்டின் சொத்து. ‘பெயர் = பெயர்’ என்று எழுதுகிற இடமே இல்லை.

இது சிமுலா 67 செய்ததுதான்! அரை நூற்றாண்டுக்குப் பிறகு மொழிகள் சுற்றி அங்கேயே வந்து நிற்கின்றன. இலட்சக்கணக்கான தொடக்கக்காரர் ஒரே இடத்தில் விழுந்தால், பிழை விழுகிறவரில் இல்லை, நிலத்தில் பள்ளம் இருக்கிறது என்று மொழியைச் செய்கிறவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிகோர்ட்டுக்கு இது புதுமையாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். சிமுலாவுக்குப் பிறகு, 1970களின் தொடக்கத்தில், அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலைசெய்தார். தொழிற்சாலைக்குள் வருகிற கணினியைத் தொழிலாளர்களே விளங்கிக்கொண்டு, அதைப்பற்றித் தங்கள் சார்பில் பேசக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். விளங்காவிட்டால் அது உன்னுடைய பிழை என்று சொல்கிற ஆள் அவர் இல்லை. 2001ஆம் ஆண்டுக்கான ரியூரிங் விருது அவருக்கும் டாலுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அடுத்த வருடம், 2002 ஜூனில் டால் இறந்தார். ஓகஸ்ட்டில் நிகோர்ட்டும் போய்விட்டார்.

தங்கச்சிக்கு நான் கடைசியாக எழுதிக்கொடுத்தது ஒரு கேள்வி மட்டும்தான். கிளாஸ் எழுதும்போது எங்கே தடக்குப்பட்டாலும் முதலில் இதைக் கேட்டுப் பார்: இந்தச் சாமான் ஆருக்குச் சொந்தம்? மெதட் முடிய அழிஞ்சுபோற தற்காலிக மாறிக்கா, இந்த ஒரு ஒப்ஜெக்ட்டுக்கா, எல்லாருக்கும் பொதுவான கிளாஸுக்கா? ‘பெயர் = பெயர்’, மறந்துபோன செல்ஃப், பொதுப் பட்டியல், சந்தியில் இறக்கின சாமான் எல்லாம் இந்த மூன்றையும் மாற்றி விளங்குவதால் வருவதுதான். வொய்ட் போட்ட கொன்ஸ்ட்ரக்டருக்கு மட்டும் இன்னொரு கேள்வி: வீடு பார்க்க வேண்டிய ஆள் வந்தவரா? கொன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரு பிரிண்ட் வரி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தநாள் இரவு திரும்பவும் ஒரு படம் வந்தது. இந்த முறை செல்ஃப் சரியாக இருந்தது. ஆனால் இனிட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு அடிக்கோடு போட வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றுதான் போட்டிருந்தாள். அதனால் பைதனுக்கு அது இனிட் என்றே தெரியவில்லை.

கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, இப்ப ஒண்டும் வாங்கமாட்டன் எண்டு சொல்லுது. இது ஆர் விட்ட பிழை?"

துறை மாறுகிற கதை அதில் இருக்கவில்லை.